பசை அறையின் மத்தியானங்கள்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடையை பஸ்ஸில் விட்டேனா, லிங்கராஜபுரம் ஸ்டாப்பிலேயே விட்டேனா, ஞாபகமில்லை. தலை நனைந்தே பட்டறைக்கு.

இன்று செய்ய வேண்டியவை: தீயணைப்பு சிலிண்டர் தேதி பார்ப்பது. முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு, பிளாஸ்திரி. பாதுகாப்பு விதிகள் படிப்பது.

கடைசி ஒன்றுதான் மலை. நம் பைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த மாதம் சோதனைக்கு ஆள் அனுப்புகிறது. முதலாளி கோபிநாத் சார் கூப்பிட்டு, "ஹேமா, சட்டமெல்லாம் மாத்திட்டாங்களாம்மா. பழசுல எது இருக்கு, எது போச்சு, ஒண்ணும் புரியல. நீயே பாத்து வெச்சுடு" என்றார். அவ்வளவுதான். அக்கவுண்ட்ஸ் நான், வருகைப் பதிவு நான், இன்றிலிருந்து பாதுகாப்பும் நான். அடுகோடி சந்துக்குள் ஒரு தோல் பைப் பட்டறை, இதில் இத்தனை பதவி எனக்கு.

கம்ப்யூட்டரில் வகுப்பு. பாடம் பாடமாக வீடியோ. ஆபீஸ் ரூமில் கட்டிங் மெஷின் சத்தம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் பசை அறைக்குப் போய்விட்டேன். அங்கேதான் அமைதி. கூரையில் பச்சை ஃபைபர் ஷீட். மழை வெளிச்சம் அதன் வழியே இறங்கினால் அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல. பெண்கள் தாழ்ந்த மேசைகளில் உட்கார்ந்து தோலுக்கு சொல்யூஷன் பசை தடவுகிறார்கள். பிரஷ்கள் போவதும் வருவதும் மீன் வால் மாதிரி.

ரெஹானாக்கா தனக்குள் சிரித்துக்கொண்டே தடவினாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்மா" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

பாடம் ஒன்று முடிந்தது. தலைக்கவசம், கையுறை, வழுக்கும் தரை.

ஜூன் 10, புதன்

மேகம். மழையில்லை.

மறுபடி பசை அறை. பாடம் இரண்டு, மின்சாரம். பாடம் மூன்று, ரசாயனங்கள். மூன்றில் பாதியிலேயே தூங்கிப்போனேன். தூக்கம்கூட இல்லை, மிதப்பு. வீடியோவில் ஒரு பெண்குரல் பேசிக்கொண்டே இருந்தது, அர்த்தமில்லாமல், தாலாட்டு மாதிரி. படகில் போகிறேன். கரையே கிடையாது. யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள், திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதி.

செல்விதான் எழுப்பினாள். தர்மபுரிப் பெண், கல்யாணமாகிப் போன வருடம்தான் இங்கே வந்தவள். "அக்கா, உங்களுக்கும் வருதா? மத்தியானம் ஆனா கால் தரையில இல்லாத மாதிரி?"

"சாப்பாட்டு மயக்கம்" என்றேன்.

"எதுவோ. நல்லா இருக்குக்கா. வீட்ல இந்த மாதிரி ஒரு நாளும் வரல."

கேஸ் புக் செய்ய வேண்டும். மறந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

சாயங்காலம் செல்வியும் நானும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். ஓசூர் ரோட்டில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன, ஈரத் தரையில் எல்லாம் இரண்டிரண்டாக. எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டே நின்றேன். செல்வி நடந்தாள். ரோட்டில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே, வீட்டு முற்றத்தில் நடப்பவள் போல. முகத்தில் சிரிப்பு. எனக்குக் கத்தத் தோன்றவில்லை. அதுதான் இப்போதும் புரியவில்லை. அவள் போவதைப் பார்த்தேன், அதுவும் அழகாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டர் தட்டியது. பெரிய அடி இல்லை. ஆனால் மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. கீழே கிடந்தபோதுகூட முதலில் அவள் அழவில்லை, ஆச்சரியமாகத் தன் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வெளிச்சத்தில்தான் அழுகை வந்தது.

கூடி நின்றவர்கள்: "மொபைல் நோடிகொண்டே ஓடாட்தாரெ ரீ." "இந்தக் காலத்துப் பொண்ணுங்க."

மொபைலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்களாம். போன் அவள் பைக்குள் இருந்தது. ஜிப் போட்டிருந்தது. நான்தான் எடுத்து அவள் வீட்டுக்காரருக்குப் பேசினேன்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். தலைவலி நேற்று முழுக்க, இன்று இல்லை.

என் வீட்டுக்காரர் சுரேஷ் எலெக்ட்ரானிக் சிட்டி டிரிப் முடித்துக் காலையில் வந்தார். கம்பெனி கேப் ஓட்டுகிறவர், வாரத்தில் இன்றுதான் முகம் பார்க்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்தவர் என் தலைமுடியை முகர்ந்துவிட்டு, "ஏய், பஞ்சர் கடை வாசனை வருதுடி" என்றார்.

"நேத்துதான் தலைக்குக் குளிச்சேன்."

"அப்ப துப்பட்டால இருக்கும். ரொம்ப நாளாவே வருது. வேலை வாசனைன்னு சும்மா இருந்தேன்."

முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் தூங்கியதும் லேப்டாப்பைத் திறந்து மூன்றாம் பாடத்தை முதலிலிருந்து பார்த்தேன். அதே பெண்குரல். இன்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. பசை, தின்னர், பெயின்ட், இவற்றின் ஆவி. முதலில் மூக்கு பழகிவிடும், வாசனை தெரியாமல் போகும். பிறகு உடம்பு லேசாகும். காரணமில்லாத சிரிப்பு. மறதி. நிதானம் தவறுதல். சில சமயம் இல்லாததைக் காண்பது. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். தாழ உட்கார்ந்திருப்பவருக்கே முதலில்.

வீடியோவை நிறுத்தினேன். அந்த அமைதி, அந்தப் படகு. எல்லாம் டப்பாவிலிருந்து வந்ததா?

ஜூன் 15, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் போய் பசை அறைக் கதவைத் திறந்தேன். ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தது. மூக்கில் அறைந்த மாதிரி வாசனை, கண்ணில் நீர். டீ வரும் நேரத்துக்கு அதே அறையில் ஒன்றுமே தெரியவில்லை. என் மூக்கை நான் நம்ப முடியாது என்பது விசித்திரமான பயம்.

பின்சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருக்கிறது. அதன் மேல் பிளைவுட் அடித்து ஆணி. சாரிடம் போனேன்.

"பின்வீட்டு அம்மா நாத்தம்னு போலீஸ் வரைக்கும் போறேன்னாங்க. வேற என்ன பண்றது? மூடிட்டேன்."

"சார், செல்வி கீழ விழுந்தது போனால இல்ல."

"நீ வீடியோ பாத்துட்டுப் பேசறே. ஆர்டர் தலைக்கு மேல இருக்கு. அங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தானே வேலை பாக்கறாங்க? ஒருத்தர் கம்ப்ளெய்ன்ட் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் என் கவலை. வேறு வழி தெரியாமல் சொன்னேன்: "நாளைக்குச் சாப்பிட்டுட்டு என்கூட அங்க கொஞ்சம் உக்காருங்க சார். அப்புறம் நீங்க சொல்றபடி."

சிரித்தார். சரி என்றார்.

ஜூன் 16, செவ்வாய்

தூறல். அதே பச்சை வெளிச்சம்.

சார் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஏற்றுமதி பில் சரிபார்த்தார். மத்தியானம் லாரிக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். நான் கதவோரம், முகத்தை வெளிப்பக்கம் வைத்து.

கொஞ்ச நேரத்தில் பேனா நின்றது. பிறகு பேச ஆரம்பித்தார், என்னிடமா ரெஹானாக்காவிடமா தெரியாது. காலேஜ் நாளில் விடியற்காலை லூனாவில் நந்தி மலைக்குப் போவாராம், மேகம் காலுக்குக் கீழே இருக்குமாம், அதில் குதித்தால் என்ன என்று தோன்றுமாம். இந்த மனிதர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ரெஹானாக்கா தலையாட்டிக்கொண்டே, எதிரே இருந்த வெறும் ஸ்டூலைப் பார்த்துச் சிரித்தாள்.

போன் அடித்தது. அவர் கையிலேயே. ஏதோ பூவைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றது. மறுபடி அடித்தது.

"சார், லாரி ஆபீஸ்."

"எந்த லாரி?"

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். தூறலில் படியில் உட்கார்ந்தார். முதலில் முகம் வெளுத்தது, அப்புறம் தலையைப் பிடித்துக்கொண்டார். "லாரிக்குச் சொன்னேனா ஹேமா?"

"இல்ல சார்."

"தெனமும் இப்படியா இவங்களுக்கு?"

"தெனமும்."

எழுந்துபோய் சுத்தியல் கொண்டுவந்தார். பிளைவுட்டை அவரே பெயர்த்தார். எல்லோரையும் முன் வராந்தாவுக்கு மாற்றச் சொன்னார், சொல்யூஷன் டப்பாக்களுக்கு மூடி.

ஓர் ஆளை வேண்டுமென்றே அந்தக் காற்றில் உட்கார வைத்தேன். எந்த விதியிலும் இதற்கு அனுமதி இருக்காது. மூன்றாம் பாடக்காரியிடம் சொன்னால் திட்டுவாள்.

ஜூன் 18, வியாழன்

அறையில் தேங்கிய ஆவியை வெளியே தள்ள ஃபேன் ஓடுகிறது. எதிர்பார்த்ததுதான், பின்வீட்டு அம்மா வந்துவிட்டார். கன்னடத்தில் ஆரம்பித்து என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா? என் பேரனுக்கு மூச்சு இழுக்குது."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். தாழ்ந்த மேசைகள், ஜன்னல் கிடையாது, பிளைவுட் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள்.

ஓர் ஆணி ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். "நாத்தத்தை நிறுத்துன்னுதான் சொன்னேன். இவங்களை உள்ள வெச்சு மூடுன்னு நான் சொல்லலியே."

சாரும் அவரும் மாடிக்குப் போய்ப் பேசினார்கள். முடிவு: புகைபோக்கி மாதிரி குழாய், அவர் மொட்டை மாடியைத் தாண்டி உயரமாக. மேசையோரம் தாழ்வாக உறிஞ்சும் வாய். தண்ணீரில் கரையும் பசையைப் பரீட்சை பார்ப்பது.

சாயங்காலம் செல்வி வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வேலையால் வந்த விபத்தாகத்தான் சார் எழுதிக் கொடுக்கிறார் என்றும் சொன்னேன். அவளுக்கு வேறு கவலை. "அப்ப அந்த மத்தியானம் இனிமே வராதாக்கா?"

ஜூன் 23, செவ்வாய்

குழாய் வந்தாயிற்று. புதுப் பசை காய நேரம் பிடிக்கிறது. ஆர்டர் ஒரு வாரம் தள்ளிப் போகிறது. வாங்குபவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் பசை அறைக்குத் திரும்பினார்கள். காற்று சுத்தம். ஆனால் அறை வேறு அறை. முதுகு வலி என்கிறார்கள். பிரஷ்ஷுக்குச் சண்டை. கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இதுவரை அந்த அறையில் கடிகாரம் இருப்பதையே யாரும் கவனித்ததில்லை.

ரெஹானாக்கா கை கழுவும் குழாயடியில் தனியாக. பக்கத்தில் போனேன். அழுகை.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"நக்கோமா, ஒண்ணும் வேணாம், போ."

போகவில்லை. கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள். மகள் முஸ்கான் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம். அது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: "மத்தியானம் ஆனா எதிர் ஸ்டூல்ல வந்து உக்காருவா. பேசுவா. நான் சிரிப்பேன். அதுக்குத்தான் ஒரு நாள் லீவு போட்டதில்ல. இப்ப வர மாட்டேங்கறா. நீதான் ஃபேன் போட்டே."

இது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஜூன் 25, வியாழன்

நல்ல வெயில். சோதனைக்கான பதிவேடு பாதி முடிந்தது. பிளாஸ்திரி வாங்கியாயிற்று.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் முன்பக்கம். பின்னாலிருந்து ஃபேன் சத்தம் கேட்கவில்லை என்று திடீரென்று உறைத்தது. ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரெஹானாக்கா, தரையில், திருப்பி அனுப்ப வைத்திருந்த பழைய சொல்யூஷன் டப்பா திறந்து மடியில். முகம் அதன் மேல். உதடு அசைகிறது.

டப்பாவை மூடினேன். சுவிட்சைப் போட்டேன். கதவை விரியத் திறந்து அவளை வாசல் பக்கம் இழுத்து உட்கார வைத்தேன். அடித்தாள் என்னை, தோளில், பலமில்லாமல். "வந்துட்டு இருந்தாம்மா. இப்பத்தான் வந்துட்டு இருந்தா."

திட்ட நினைத்தேன். எழுதி சாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்தேன். டாக்டரிடம் கூட்டிப் போகத்தான் போகிறேன், அது நாளை. அந்த நிமிடம் வாயில் வந்தது வேறு.

"முஸ்கான் என்னக்கா பேசுவா?"

விழித்தாள். ஒரு வருடத்தில் அந்தப் பெயரை அவளிடம் யாரும் சொன்னதில்லை போல. நாங்களெல்லாம் அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

ஏதோ சொன்னாள். ஃபேன் குழாயின் இரைச்சலில் காதில் விழவில்லை.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துக் கதை!" கத்தினாள். "கணக்கு டீச்சர் மாதிரி நடந்து காட்டுவா! இப்படி, இடுப்புல கை வெச்சு!" கையை இடுப்பில் வைத்துக் காட்டினாள். "என் பிரியாணியில உப்பு இல்லேம்பா! எப்பவும் அதே! உப்பு இல்லே, உப்பு இல்லே!"

சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. தட்டைக் கழுவாத கையோடு ஒருத்தி கீழே உட்கார்ந்தாள். "என்ன கலர் சுடிதார்ல வருவா?" என்று இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"மஞ்சள்!" ரெஹானாக்கா கத்தினாள்.