இளஞ்சிவப்பாகிப் போன இரத்தம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாசாய் ஊரிலிருந்து வந்த செல்வம் அண்ணனின் இரத்தத்தை இன்று நான் கெடுத்துவிட்டேன். மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்மூலக்கூறு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் எங்கள் ஆய்வுக்காக, ஃபேக்டரிக்கு லீவு போட்டு வந்து கொடுத்த இரத்தம். அவசரத்தில் குழாயைக் குலுக்கிவிட்டேன். சிவப்பணுக்கள் உடைந்து, மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய பிளாஸ்மா இளஞ்சிவப்பாக நின்றது. அந்த அணுக்களில் இருந்த ஆர்.என்.ஏ.வும் கலந்துவிட்டால், இதயத்திலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாது. குப்பையில் போட்டேன்.

காலையில் கிளம்பும்போது அவர் கேட்டார்.

"இதுல என் ஹார்ட் எப்படின்னு தெரியுமாம்மா?"

"இது ஆராய்ச்சிக்குத்தாண்ணே. உங்களுக்கு ரிசல்ட் வராது."

"பரவால்லலா. நீங்க போன் பண்ணலன்னா எல்லாம் ஓகேன்னு நெனச்சுக்கிறேன்."

வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டேன்.

ஏன் தலையாட்டினேன்? மறுபடி இரத்தம் கேட்டு நான் கூப்பிட்டால், என் குரலைக் கேட்டதுமே பயந்துபோவார். கூப்பிடாவிட்டால், நான் குப்பையில் போட்ட இரத்தத்தை நம்பி இதய மாத்திரையை நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார்.

இந்நேரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.