கிடங்குச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

இன்று காலை திட்டில் படகை விட்டு இறங்கும்போதே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. நீ சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். பங்களாவின் பின்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசத் தொட்டியில் ஊறவைத்திருக்கிறார்கள். கூட வந்த பெண்களெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உன்னைத் திட்டவேண்டும் போலிருந்தது. நீ போய் இரண்டு வருஷமாகியும் இந்தத் திட்டில் உனக்கு இருக்கிற அதிகாரம் எனக்கு வரவில்லை.

ஏரி நிறைந்தால் நாலு பக்கமும் தண்ணீர். கோடையில் மட்டும் மண்பாதை. நடுவில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா, அதை ஒட்டி நெல் கிடங்கு. ஆடு கட்டவும் சீட்டாடவும்தான் உதவிக்கொண்டிருந்தன. இரண்டையும் சர்க்காரில் இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெசவுக்காரத் தெருவிலிருந்து நாங்களும் காலனியிலிருந்து நீங்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டோம். பங்களாவில் எல்லாருக்குமாகத் தறிக்கூடம், சமையற்கூடம் வேண்டும் என்று கேட்டோம். கூரையில் சோலார், மழைத்தண்ணீருக்குத் தொட்டி. கிடங்கில் பிள்ளைகள் காப்பகம். புதுச் செங்கல் ஒன்றுகூட வாங்கக்கூடாது என்று நீ அடம்பிடித்தாய். கொத்தனார் வேலை பார்க்கிற பொம்பளையா என்று முதலில் உன்னை ஒரு தினுசாகப் பார்த்தவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் காப்பகம்தான் முக்கியம். அப்போது என் கடைக்குட்டிக்கு இரண்டு வயது. தறிக்குழியில் தலைகுப்புற விழுந்துவிடுவானோ என்று ஒரு கண்ணை அவன்மேல் வைத்துக்கொண்டே நெய்துகொண்டிருந்தேன். ஒரு முறை விழுந்தும் விட்டான்.

கிடங்கின் மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. அது வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியவேண்டும். நான் பெரிய புத்திசாலி மாதிரி, தறியில் மிச்சமான பட்டு இழையை வெடிப்பின் குறுக்கே இழுத்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பு வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் இழை அறுந்துவிடும் என்று நினைப்பு. ஒரு மாதமாகியும் அறவில்லை. சுவர் கெட்டியாக இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"பட்டு நீளும்மா. உன் மனசு நோவக்கூடாதுன்னு அது நீண்டுக்கினே இருக்குது. கண்ணாடி ஒட்டு. அதுக்குத் தாட்சண்யமே கிடையாது."

சுருக்கென்றது எனக்கு. பட்டு நீளும் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அதைத்தானே இழுக்கிறேன்.

கண்ணாடிப் பட்டையை நீயே ஒட்டினாய். தினமும் பார்க்கிற வேலை என்னுடையது. அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின நாள் காலை போய்ப் பார்க்கிறேன், கண்ணாடி இரண்டாகத் தெறித்திருந்தது. ஒரு சுவர் மோசமாயிருந்தாலும் எல்லாவற்றையும் இடிப்போம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நீ அன்று கூரம் கிராமத்தில் வேலையாக இருந்தாய். உடைந்ததைப் பெயர்த்து ஏரியில் எறிந்தேன். அதே இடத்தில் புதுக் கண்ணாடியை ஒட்டினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் அதிகாரி கிடங்குக்குள் வந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "உடையல. நல்லது," என்று எழுதக் குனிந்தார். நீ கண்ணாடியின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாய். ஈரச் சுண்ணாம்பு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்தாய். இவள் வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டாளா என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

"சார், எழுதாதீங்க. இது நேத்து ஒட்டினது. பழசு உடைஞ்சிருக்குது. சுவர் நகருது சார்."

"யார் மாத்தினது?"

"நாங்கதான் சார். பயத்துல பண்ணிட்டோம்."

கிடங்கைப் பூட்டச் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் பார்த்து, இடிப்பதா விடுவதா என்று முடிவு சொல்வதாகப் போய்விட்டார். ஊரே உன்னை ஏசியது. நானும் கூசாமல் ஏசினேன். "உனக்கின்னா, உன் பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க," என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ வெளிப்பக்கம் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். கண்ணாடியை மாற்றியது யார் என்று நீ யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் மத்தியானம் ஏரிக்கரையில் நின்றிருந்தோம், சத்தம் கேட்டது. படகில் போய்ப் பார்த்தோம். மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாய் விரிக்க நாம் கோடு போட்டுவைத்த இடம் முழுக்கச் செங்கல். என் மகன் என் இடுப்பில் இருந்தான். அன்று பொழுது சாய்கிறவரை அவனை இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. நீ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. மழை விட்டதும் மண்வெட்டியோடு வந்து நின்றாய்.

"மிச்ச மூணு சுவரும் கல்லாட்டம் நிக்குது. செங்கல்லப் பொறுக்கும்மா, இதையே வச்சுக் கட்டலாம்."

அந்த அதிகாரியும் மூன்று சுவரையும் தட்டிப் பார்த்தார். நீ சொன்னால் நம்பலாம் என்று சொல்லி இடிப்பதை நிறுத்தினார். பொறுக்கினோம், கட்டினோம், காப்பகத்தைத் திறந்தோம். உன்னிடம் மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாய். அப்படி என்ன அவசரம் உனக்கு?

அதற்குப்பின் நடந்ததுதான் கேவலம். திட்டைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், அன்றைக்கு உண்மையைச் சொன்னது நீயும் நானும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்று கைக்குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க ஒரு பெண் வந்தாள். "நீங்க இருக்குற தைரியத்துலதாங்க்கா விடறேன்," என்றாள். என்னால் தாங்கமுடியவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், கண்ணாடியை மாற்றியது நான், நான் மட்டும், உனக்கு அதில் பங்கே இல்லை என்று.

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு புதுச் சுவரைப் பார்த்தாள்.

"இப்ப யாருக்கா தினம் சுவரப் பாக்கறாங்க?"

"நான்தாம்மா."

"அப்போ நாளைலேர்ந்து நானும் கூட வந்து பாக்கறேன்," என்றாள்.

வலித்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. தானே போய்ப் பாயை இழுத்துப் போட்டுப் படுக்கவைத்தாள், சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி.