அரிசிப் பானைக்குள் அலாரம்

பியூலாவுக்கு நாங்குநேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போன கணவர் ஜெபசிங் இன்னும் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பழைய கேள்வித்தாள் ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் அவசரமாக எழுதினாள்.

"ஷெரின் அப்பாவுக்கு,

சொதி அடுப்பு மேல இருக்கு. உவரி மீன்காரம்மா வந்தா சாளை வாங்கி, கழுவி வைங்க.

என் போன் அரிசிப் பானைக்குள்ள இருக்கு, துண்டு சுத்தி வச்சிருக்கேன். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் கத்தும், பயந்துராதீங்க. நேத்து என்னைக் கேக்காம அப்டேட் பண்ணினீங்கல்லா, அதுல இருந்து அலாரத்தை எங்கன நிறுத்தணும்னே தெரியல. சரி, போனையே அணைப்போம்னு பக்கத்துப் பட்டனை அமுக்கினா, போனுக்குள்ள இருந்து ஒருத்தி என்ன உதவி வேணும்னு கேக்கா. போனை அணைன்னு சொன்னேன். அதுக்கு நாலு வழி இருக்குன்னு பைய வாசிக்க ஆரம்பிச்சுட்டா.

ரெண்டு நாள்ல பழகிரும்னு சொன்னது நீங்கதான். நீங்களே பழகிக்கிடுங்க. உங்க போனை நான் எடுத்துட்டுப் போறேன்.

பியூலா"

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"அலாரத்தோட மல்லுக்கட்டும்போது எதையோ அமுக்கி, உங்க போனுக்கு மணி அடிச்சுட்டு. எடுத்துப் பார்த்தா 'பியூலா டீச்சர்'னு வருது. பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்குப் போட்ட பேரு. வீட்டுல எல்லாத்தையும் மாத்துத மனுசன் அதை இன்னும் மாத்தல. அதுல மட்டும் கை வச்சிராதீங்க."