சுவருக்கு உள்ளே வந்த சவரியாயி

அக்டோபர் 30

காலையிலிருந்து தூறல். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வரவில்லை. வாங்க வேண்டியவை: செவ்வந்தி, மெழுகுவத்தி, ஜெனிக்கு இருமல் மருந்து.

ஜெனிக்கு, அக்கா மகளுக்கு, இடம் ஏறக்குறைய முடிந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள். நம் பங்குக் கோயில்தான். இனி மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். அதுவரை அக்காவுக்குத் தூக்கமில்லை.

"தம்பி, கல்லறைத் திருநாளுக்கு அந்த மூலைப் பக்கம் போயிராத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வருவாங்க."

"வருசா வருசம் ஒரு மெழுகுவத்தி வெக்கறதுதானே."

"சூனியக்காரி வம்சம்னு தெரிஞ்சா பொண்ணை எடுப்பாங்களா? ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு."

நவம்பர் 1

மழை விட்டது. சுண்ணாம்பு நானே அடித்தேன். இடுப்புவலி.

அந்த மூலையில் யார் என்று ஜெனி கேட்டாள். சொன்னேன். என் தாத்தாவின் பாட்டி. ராசிபுரத்துத் தறிக் குடும்பம், ஞானஸ்நானம் வாங்கிய முதல் தலைமுறை. பழைய உறவு விட்டுவிட்டது, புது உறவு இன்னும் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் காலராவில் புருஷன் போனான், தெருவே போனது. எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியவள் மட்டும் பிழைத்தாள். அவள் பேரில் ஒரு கிணறு. சூனியக்காரிகளுக்குப் பெரும்பாலும் ஏதாவது சொத்து இருக்கும். கொழுந்தன்மார் முதலில் சொன்னார்கள், பிறகு ஊர் சொன்னது. கிணறு கொழுந்தன்மாருக்கு.

செத்தபோது கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பின்னால் இடம் பற்றாமல் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். சாமியார்கள் செய்யாததைக் கொத்தனார் செய்தார். கல்லில் பெயர் கிடையாது. சூனியக்காரி கல்லறை எது என்று ஊருக்குத் தெரியும், யார் வீட்டுது என்று தெரியாது. அந்த மட்டில் நாங்கள் கெட்டிக்காரக் குடும்பம்.

"அவங்க பண்ணுன தப்புதான் என்ன மாமா?"

"சாகலை."

ஜெனி சிரிக்கவில்லை.

நவம்பர் 2

சாயங்காலம். காற்று. அப்பா, அம்மா கல்லறைக்கு மாலை. ஃபாதர் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து வந்தார். ஆள் நிற்காத கல்லறையைத் தாண்டிப் போய்விடுவார்.

அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மூலையைப் பார்த்தோம். யாரோ மண்டியிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா. எதிரே எலுமிச்சம்பழம், மஞ்சள் கயிறு.

அவரும் பார்த்துவிட்டார். போகத்தான் வேண்டியிருந்தது.

"வாங்க சம்பந்தி. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பையனுக்குக் கல்யாணம் தள்ளிக்கிட்டே போச்சுங்களா, இந்தம்மாகிட்ட வேண்டிக்கிட்டேன். அந்த மாசமே உங்க ஜெனி போட்டோ வந்துச்சுங்க. சக்தியான பொம்பளைங்க. பாவம், கேக்க ஒரு நாதியில்ல."

அக்காவின் மெழுகுவத்தி அணைந்தது. பற்றவைத்தேன். மறுபடி அணைந்தது. காற்றுதான்.

ஃபாதர் வந்துவிட்டார். "இது யாரு வீட்டுதுங்க? ஆளில்லைன்னா அடுத்ததுக்குப் போலாமா?"

அக்கா என் கையை விட்டு ஃபாதர் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊட்டுதுங்க ஃபாதர். பேரு சவரியாயி."