மதினிக்கு வாங்கிய தண்ணீர் வண்டி

கார்த்திகை 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நிற்கவும் இல்லை, ஒழுங்காகப் பெய்யவும் இல்லை. கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. ராணி திட்டினாள். கட்டின பெண்டாட்டி திட்டினால் முன்பெல்லாம் பதிலுக்கு ஒன்று சொல்வேன். இப்போது காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

வாங்க வேண்டியது: டார்ச்சுக்கு பேட்டரி. உளுந்துக்கு மருந்து. பல் பசை.

அண்ணன் போய் ஐம்பது நாள் ஆகப்போகிறது. சோறு இறங்குகிறது. தூக்கம் வருகிறது. பதினாறாம் நாள் விசேஷத்தில் எல்லோரும் அழுதார்கள், நான் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். 'கல்லு மாதிரி நிக்கான் பாரு' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து அண்ணன் பெண்டாட்டி, மதினி வந்தாள். உள்ளே வரவில்லை, நடையிலேயே நின்றாள்.

"தம்பி, தண்ணி வண்டி திரும்ப ஓடணும். பிள்ளைகள வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாது. அந்தப் பழைய வண்டி இனி வேண்டாம். நாளைக்கு வேற வண்டி பாக்கப் போறேன், வாரீங்களா?"

"யாரு ஓட்டுறதுக்கு மதினி?"

"நாந்தான்."

ராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆள் போட்டா அவன் டேங்கர் சங்கிலிய மாட்டுனானா மாட்டலையான்னு நான் வீட்டுல உக்காந்து பயந்துக்கிட்டே கெடக்கணும். நானே ஓட்டுனா எனக்குத் தெரியும்லா" என்றாள் மதினி.

உழவுக்கு அவள் ஓட்டுவாள், அண்ணன் பழக்கிவிட்டது. லைசென்ஸ் போன வருஷமே எடுத்துவிட்டாள். சரி, வாரேன் என்றேன். வேறு என்ன சொல்ல.

கார்த்திகை 3, புதன்

7.40 பஸ். கோவில்பட்டி. பழைய டிராக்டர் விற்கிற இடம். மழைத் தண்ணீரில் வண்டிகள் வரிசையாக நின்றன. விற்கிறவர் என்னைப் பார்த்தே பேசினார், கேள்வி கேட்டது மதினி.

முதலில் காட்டியது 35 குதிரைத் திறன். "ஆறாயிரம் லிட்டர் டேங்கர் கூட அசால்ட்டா இழுக்கும் அண்ணாச்சி."

மதினி: "இழுக்கது எல்லாம் இழுக்கும். எறக்கத்துல நிறுத்துமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன்.

அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்து வந்திருந்தாள். மூத்த மகளின் அறிவியல் நோட்டுத் தாள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலாயிரம் லிட்டர் என்றால் நாலு டன். டேங்க், சக்கரம் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை டன். டிராக்டரே இரண்டு டன்தான் இருக்கும். "பின்னால வாரது நம்மள விட ரெண்டு பங்குக்கு மேல கனம். அது தள்ளுனா நாம போக வேண்டியதுதான்" என்றாள். விற்கிறவர் அதன் பிறகு அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

முடிவானது: 47 குதிரைத் திறன், சிவப்பு. பிரேக் போட்டுப் பார்த்தாள், ஆறு தடவை. ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்காமல் இருக்க முன்னால் எடைக்கட்டி. டேங்கர் நாலாயிரம்தான், ஆறாயிரம் வேண்டாம். அதற்கும் தனியாகப் பிரேக்.

பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய். பேட்டரி மறந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அன்னைக்கு டேங்கர மாட்டுன பின்னு எப்படி தம்பி முறிஞ்சுது? அம்புட்டுக் கனமான பின்னு."

"தேய்ஞ்சிருக்கும் மதினி" என்றேன்.

வேறு எங்கும் சொல்லவில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். ஆயுத பூஜை அன்று டிராக்டரையும் டேங்கரையும் கழுவிச் சந்தனம் வைத்தோம். ஸ்பேனர், ஜாக்கி, டேங்கரை டிராக்டரோடு கோக்கிற பின், எல்லாவற்றையும் துடைத்து வாழை இலையில் வைத்துக் கும்பிட்டோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது, வண்டி ஓடலாம். இலையில் வைத்த சாமானை மட்டும் மறுநாள் காலையில்தான் எடுப்பது. அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு போன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துட்டி வீடு, சாவு விழுந்த இடத்தில் தண்ணீர் இல்லை. இங்கே போர் தண்ணீர் உப்பு, வண்டித் தண்ணீர்தான் வாய்க்கு. துட்டி வீட்டுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அண்ணன் சொன்னான்: "ஏலே, பின்னை எடுத்து மாட்டு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

நான்தான் வேண்டாம் என்றேன். பூஜையைக் கலைக்க மனசு வரவில்லை. பழைய இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு போல்ட் எடுத்து மாட்டினேன். போய் வருவது அஞ்சு கிலோமீட்டர்தானே. சங்கிலி எங்களிடம் என்றைக்குமே கிடையாது. டிராக்டரை நான் ஓட்ட, அண்ணன் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் பின்னால் வந்தான். பால ஏற்றத்தில் போல்ட் முறிந்து டேங்கர் பின்னால் வந்த அண்ணன் மேல் உருண்டது. எனக்குத் தெரியவில்லை. வண்டி திடீரென்று லேசாக இருந்தது. பரவாயில்லையே, நன்றாக ஏறுகிறதே என்று நினைத்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் பின் முறிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். எந்தப் பின் என்று எழுதவில்லை.

கார்த்திகை 8, திங்கள்

மழை விட்டது. ஈக்கள். பைபாஸ் பக்கம் டேங்கர் கட்டுகிற வெல்டிங் பட்டறை. பட்டறை அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினால் பாதிதான் புரியும். மதினி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்:

– பின் புதுசு. தலையில் கைப்பிடி, அடியில் ஓட்டை, அதில் குத்துகிற கிளிப்.
– சங்கிலி இரண்டு. குறுக்காகப் போட வேண்டும். பின் போனாலும் டேங்கரின் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி ஏந்தும். திரும்ப இடம் வேண்டும், தரையில் இழுபடவும் கூடாது.
– டேங்குக்குள்ளே தடுப்புத் தகடு மூன்று (பாதித் தண்ணீரோடு வளைவில் போனால் அலம்பி ஆளைக் கவிழ்க்கும்)
– பின் விளக்கு, சிவப்பு ஸ்டிக்கர்
– சக்கரத்துக்கு அடைகொடுக்கக் கட்டை, இரண்டு
– டீ 3, வடை 2

பட்டறை அண்ணாச்சி: "இம்புட்டும் யாரும் கேக்க மாட்டாவ தாயி. கம்பியத் தட்டி மாட்டிட்டுப் போயிருவானுவ. இல்ல, கெடச்ச போல்ட்ட மாட்டுவானுவ. வண்டிப் பின்னு தேஞ்சு முறிஞ்சு நான் பாத்ததில்ல. முறிஞ்சா அது போல்ட்டுதான்."

மதினி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பட்டறையை விட்டு வெளியே வந்ததும் கேட்டாள். "தம்பி. அன்னைக்குப் போட்டது பின்னா, போல்ட்டா?"

"போல்ட்டு."

"பின்னு எங்க?"

"பூஜையில இருந்துது."

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அண்ணன்தான் பூஜைச் சாமானை எடுக்காதன்னு சொன்னான்" என்றேன். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. தானாக வந்தது. சொன்ன பிறகு வடையின் மிச்சத்தைத் தின்றேன்.

"அவியளா?" என்றாள். பிறகு, "அவிய புத்தி" என்றாள்.

கார்த்திகை 12, வெள்ளி

வெயில். உளுந்துக்கு மருந்து அடித்தாயிற்று. பேட்டரி வாங்கியாயிற்று.

ராணி சொன்னது: மதினி அண்ணன் படத்துக்கு விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டாளாம். அவளுடைய சின்ன மகள் பூ வாங்கி வந்திருக்கிறாள், "போடாத. பொண்டாட்டி பிள்ளைய நெனைக்காம தானே போயி விழுந்த மனுசனுக்கு என்னத்துக்குப் பூ" என்று பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டாளாம். சின்னவள் எங்கள் வீட்டில் வந்து அழுதாள்.

"மதினிக்கு என்ன பிடிச்சுதுன்னே தெரியல" என்றாள் ராணி.

எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே நகம் வெட்டினேன். ஆறிப்போன ரசம் குடித்த மாதிரிதான் இருந்தது, சூடும் இல்லை, ருசியும் இல்லை. செத்தவன் மறுத்துப் பேசமாட்டான் என்று எனக்கு அந்த நேரத்திலேயே தெரிந்துதான் இருக்கிறது. நான் கெட்டவன். இதை எழுதும்போதும் எழுத்து நேராகத்தான் வருகிறது.

கார்த்திகை 19, வெள்ளி

மேகம் இல்லை. காற்று. முதல் லோடு இன்றைக்கு.

பத்து மணிக்கு டேங்க் நிரப்பினோம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் பின் போட்டேன், கிளிப் குத்தினேன், சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டினேன், விளக்கு எரிகிறதா பார்த்தேன். மதினி சேலைக்கு மேல் அண்ணனின் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இஞ்சினைப் போட்டாள். நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மதினி, அன்னைக்கு நான் சொன்னது பொய். அண்ணன் பின்னை எடுக்கத்தான் சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன். போல்ட்ட மாட்டுனதும் நாந்தான்."

இஞ்சினை அணைத்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அவிய என்ன வார்த்தை சொன்னாவ? அப்படியே சொல்லுங்க."

"ஏலே, பின்னை எடுத்து மாட்டு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுன்னான்."

சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு இறங்கினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். என் பக்கம் வரவில்லை. கட்டை இரண்டையும் எடுத்து டேங்கர் சக்கரத்துக்கு அடைகொடுத்தாள். டேங்கரின் முன் ஸ்டாண்டை இறக்கினாள். நான் குத்திய கிளிப்பைப் பிடுங்கினாள். நான் போட்ட பின்னை உருவினாள். சங்கிலி இரண்டையும் கழற்றித் தரையில் போட்டாள். பிறகு பின்னைச் சேலைத் தலைப்பில் துடைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளே மாட்டினாள். இரண்டாவது சங்கிலி கொக்கிக்கு எட்டவில்லை. பிடித்துக்கொடுக்கப் போனேன்.

"தொடாதீங்க" என்றாள்.

எட்ட வைத்து மாட்டினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஸ்டாண்டைத் தூக்கி, கட்டையை எடுத்து வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

ரோட்டு ஓரம் வந்து நின்று பார்த்தேன். பால ஏற்றத்தில் மெதுவாக, முதல் கியரில், டேங்கரும் கூடவே ஏறியது. மேலே போய் மறைந்தது. அங்கேயே கரிசலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராதது எல்லாம் வந்தது. ரோட்டில் போன யாரோ வண்டியை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டார். ஆமாம், என் அண்ணன் என்றேன்.

மதினி ரெண்டு மணிக்குத் திரும்பிவிட்டாள் என்று ராணி சொன்னாள். போய்ப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. சேலையில் எப்படி இவ்வளவு மண், என்ன ஆச்சு என்று ராணி மதினியிடம் கேட்டாளாம், உன் வீட்டுக்காரரிடமே கேள் என்றாளாம் மதினி. இப்போது ராணி வந்து பக்கத்தில் நிற்கிறாள். கேட்கிறாள். இவளுக்கும் சொல்லவில்லை இத்தனை நாளும். சொல்ல வேண்டும்