கிரகணத்துக்கு வாசலில் நிற்கப்போகிறேன்

என் அஞ்சலை அக்காவுக்கு, இரண்டு கன்னத்திலும் முத்தம்.

வரும் வெள்ளிக்கிழமை முழுச் சந்திர கிரகணமாம். பேப்பரில் போட்டிருப்பதை ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி வாசித்துச் சொன்னார். நிலா கிளம்பும்போதே பிடித்திருக்குமாம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க இதே பேச்சுதான். எனக்கு ஏழு மாதம், அக்கா. என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்த மாமியார் இப்போதே தயார்.

மேரு தோட்டத்து லயத்து வீட்டில் அந்தக் கிரகணத்தன்றைக்கு உனக்கும் ஏழு மாதம். கள்ளுக்கடையிலிருந்து வந்த உன் புருஷன் மீனை விட்டெறிந்து, "அறுத்துக் கொழம்பு வைடி" என்றான். "கிரகணம் விடட்டும்ங்க, கத்தி தொடக்கூடாது" என்றாய். தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக நீ மீன் அறுத்தாய்.

பாக்கியம் உதடு பிளந்து பிறந்தாள். "கிரகணத்துல கத்தி எடுத்து எம் புள்ளைய மூளியாக்கிட்டியே!" என்று உலக்கையால் அடித்தான், பாவி. பிள்ளை பெற்ற நாலாம் நாள்! மூன்றாவது அடியில் உன் சத்தமும் மூச்சும் நின்றுபோயின. நான் மூலையில் பாய்க்குள் சுருண்டு கிடந்தேன். போலீஸ்காரரிடம் நம் அப்பா, "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை இத்தனை வருஷம் எப்படிச் சுமந்தேன், அக்கா?

போன வாரம் அந்தப் பாவி இங்கே வந்தான். நான் வளர்த்த உன் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனக்குச் சோறாக்க இழுத்துப் போகிறானாம். கொதிக்கிற கஞ்சிப் பானையை அப்படியே அவன் மேல் கவிழ்த்தேன். தோல் உரிய அலறினான். என் வீட்டுக்காரர், "இன்னொரு பானை இருக்குலா, வேணுமா?" என்று கேட்டார். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஓடும்போது அவன் பாக்கியத்தைப் பார்த்து, "உன் ஒதட்டக் கிழிச்சவ உங்கம்மாதான்டி!" என்று கத்திவிட்டுப் போனான். அன்றிலிருந்து பாக்கியம் சரியாகச் சாப்பிடவில்லை. "அம்மா செஞ்ச தப்பா, சின்னம்மா?" என்று கேட்கிறாள். இல்லவே இல்லை என்றேன். "அப்பறம் நீங்க ஏன் வெள்ளிக்கிழமை உள்ள போய் ஒளியப்போறீங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். பிடித்த நிலா விடும்வரை நிற்பேன், மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாலும். பயமில்லையா என்கிறாயா? பயம்தான். இருந்தாலும் நிற்பேன், இது சத்தியம்.

என் பிள்ளை எந்த உதட்டோடு பிறந்தாலும் அதற்கு முதல் முத்தம் உன் மகள் கொடுப்பாள்.

உன் முந்தானையைப் பிடித்தே நடை பழகிய தங்கச்சி,
ராஜாத்தி