மிதந்த துளி

மாமா,

ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. இன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தேன். கீழே வைத்திருந்த கண்ணாடி பாட்டிலில் என் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று கடைசியில் சொல்கிறேன். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி ஊரே நல்லதாகப் பேசி ஓய்ந்துவிட்டது. இனி நான் பேசலாம்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். இந்தக் கடிதத்தில் அந்த மரியாதை கிடையாது. 'மாமா' என்பதை மட்டும் விடமாட்டேன். அதைத்தானே என் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தாய்.

நீ என் அத்தை மகன். உனக்கு நான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் பட்டு சொசைட்டியில் நீ கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாகறலுக்கு வந்துவிடுவாய். ஹேண்டில்பாரில் ஒரு காராசேவுப் பொட்டலம் தொங்கும். அம்மாவிடம் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாய். எனக்கு உன்னைப் பிடித்திருந்தது. அதை இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கூரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வண்டி குடைசாய்ந்தது. சக்கரத்தின் இரும்புப் பட்டை என் தொடையைக் கிழித்துவிட்டது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதி ரத்தம் வண்டிப் பலகையில் போய்விட்டது என்று அம்மா பிறகு சொன்னாள். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு எல்லாம் பனிமூட்டத்துக்குள் கேட்பது போலக் கேட்டது.

"காமாலை வந்தவங்க குடுக்கக் கூடாதுப்பா" என்று அப்பாவைத் தள்ளி நிற்க வைத்தார் சிஸ்டரம்மா. "இந்தம்மாவுக்கு எடை பத்தாது. வேற யாரு இருக்கறீங்க? சீக்கிரம் சொல்லுங்க."

"நான் இருக்கறேன். எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றாய் நீ. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீ பச்சைத் திரைக்குள் போனதை எங்கள் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு கையில் காபி டம்ளர். இன்னொரு கையில் ஆள்காட்டி விரல் நுனியில் பஞ்சு. "ஒரு பாட்டில் பூரா எடுத்துட்டாங்க, தலை சுத்திக்கினே இருக்குது" என்றாய். அப்பா உன் காலைத் தொடப் போனார், நீ தடுத்தாய். அந்தப் பஞ்சு விரலில் ஏன் இருந்தது என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் உனக்கு ஆட்டு ஈரலாகச் சமைத்துப் போட்டார்களாம். தின்றாய்.

நான் கோலூன்றி நடக்க ஆரம்பித்தபோது ஒரு தரகர் உங்கள் வீட்டுக்கு வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். இருபது தறி வைத்திருப்பவர் வீட்டுச் சம்பந்தம், ஒரே பெண். பிறகு ஒரு நாள் அத்தையோடு நீ வந்தாய். காராசேவு இல்லை. கூடத்தில் எல்லார் முன்னாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாய்.

"இவ ஒடம்புல என் ரத்தம் ஓடிக்கினு இருக்குது. ஒரே ரத்தம்னா கூடப் பொறந்த மாதிரிதானே? தங்கச்சியப் போயி எப்பிடி மாமா நான் கட்டிக்கறது?"

இப்படி ஒரு கேள்வியை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதும் இல்லை, பதில் சொன்னதும் இல்லை. அத்தை மகன் ரத்தம் கொடுத்தால் அவன் அண்ணனாகிவிடுவானா?

"டாக்டரையே ஒரு வார்த்த கேட்டுடலாம்பா" என்றார் அப்பா.

"டாக்டருக்கு முறை தெரியுமா மாமா?" என்றாய்.

அதோடு பேச்சு முடிந்தது. உயிர் கொடுத்தவனை எதிர்த்துப் பேசுவது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போகும்போது வாசற்படியில் நின்று என்னிடம், "இனிமே என்ன மாமான்னு கூப்புடக் கூடாது. அண்ணான்னு கூப்புடும்மா" என்றாய். அப்போது கூட உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கால் மேல்தான் வந்தது.

அதோடு விட்டாயா? உனக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை. உன் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட ஆள் வேண்டும். அத்தை என்னைக் கையைப் பிடித்து மணையின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். முதல் முடிச்சை நீ போட்டாய். மிச்ச இரண்டையும் உன் பெண்டாட்டி கழுத்தில் நான் போட்டேன். அந்தக் கயிற்று மஞ்சள் இரண்டு நாள் என் விரலை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு உன்னை வெறுக்க ஆரம்பித்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேர் என் நடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் டீச்சர் வேலைக்குப் படித்து இதே காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன்.

நாலு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த டீச்சருக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. நான் போனேன். அதே சிஸ்டரம்மா. வயது கேட்டார், எடை பார்த்தார், காமாலை உண்டா என்று கேட்டார். விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, நீல மருந்துத் தண்ணீரில் விட்டார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"முழுகிட்டா எடுக்கலாம். மெதந்தா ரத்தத்துல பலம் இல்லன்னு அர்த்தம், எடுக்க மாட்டோம்" என்று விரலில் பஞ்சை வைத்து அழுத்தினார். நான் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், மெதந்தவங்களுக்குக் கையில பஞ்சு எங்க இருக்கும்?"

"இங்கதான், வெரல்ல. கையில ஊசியே போட மாட்டமே."

என் நடையையும் தழும்பையும் வைத்து அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. சிரித்தார். "ஒன் மாமன் துளி மெதந்துச்சும்மா. வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்னு அழுதுக்கினே கேட்டாரு. முசரவாக்கத்துல இருந்து கூலிக்காரரு ஒருத்தரு, பொண்டாட்டி பிரசவத்துக்கு வந்தவரு, நான் குடுக்கறேன்னு வந்தாரு. குரூப்பும் சேந்துச்சு. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போயிட்டாரு. பேரு ஞாபகம் இல்ல."

அந்தக் கூலிக்காரர் வீட்டில் என் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். உன் காபி, உன் ஈரல், உன் கல்யாணம் எல்லாம் அந்த மனுஷனுடைய ரத்தத்தில் நடந்தது.

ரத்தம் கொடுத்த கையோடு உன் வீட்டுக்கு வந்தேன். முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு, விரல் நுனியில் ஒரு பஞ்சு. உன் மனைவி ஓடி வந்து நாற்காலி போட்டாள். நீ உள்ளேயிருந்து வந்து, "எப்ப வந்த, தங்கச்சி?" என்றாய்.

நான் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன். "இப்பத்தான் வந்தேன், மாமா."

உன் மனைவி, "என்னா கோமளா, புதுசா மாமாங்கற?" என்று சிரித்தாள். நீ துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாய். அதன் பிறகு என்னை நீ எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம், மாமா. பொய் சொன்னதைக்கூட நான் பொறுத்திருப்பேன். மிதந்தது உன் தப்பு இல்லை. அந்தப் பொய்யை வைத்து என்னைக் கழற்றிவிட்டாயே, அதைப் பொறுக்க முடியாது.

இன்றைக்கும் பஸ்ஸில் முசரவாக்கத்து ஆட்கள் ஏறினால் முகம் முகமாகப் பார்க்கிறேன். உன் சட்டப்படி எனக்கு அங்கே ஒரு அண்ணன் இருக்கிறார். அவருக்காகத்தான் வருஷத்துக்கு ஒரு தரம் இந்தக் கட்டிலில் படுக்கிறேன்.

இன்று யாருக்கு என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? உன் மனைவிக்கு. கர்ப்பப்பை ஆபரேஷன். உடம்பு ஈர்க்குச்சியாகிவிட்டது. என் ரத்தம்தான் சேர்ந்தது. இப்போது தூங்குகிறாள், இனி பயமில்லை என்கிறார்கள். நீ எனக்கு உயிர் கொடுத்தவன் என்றே அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு உனக்கு மட்டும் சொல்ல வேண்டும். சட்டம் நீ போட்டது. இன்று மத்தியானத்திலிருந்து அவள் உடம்பில் ஓடுவது என் ரத்தம். ஆகவே அவள் எனக்குக் கூடப் பிறந்தவள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், அதனால் அக்காள்.

அக்காள் புருஷனை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்? முறை தெரிந்தவன், நீயே சொல்.